புள்ளிக்குப் பின்னால் ஒரு மலை

நான் பி.காம். படித்தவன். பைசாவை ரூபாயாக ரவுண்டு பண்ணுவதில் பாவமில்லை என்று கற்றுக்கொண்டது அங்கேதான். ஐம்பது பைசாவுக்குக் கீழே இருந்தால் தள்ளிவிடு, மேலே இருந்தால் ஒரு ரூபாயாக்கு. ஆடிட்டர் ஒன்றும் கேட்க மாட்டார். ஆனால், புள்ளிக்குப் பின்னால் நிற்பது பைசா இல்லை, மனுஷன் என்றால்?

இந்தச் சந்தேகம் எனக்கு வந்தது கொல்லிமலை செம்மேட்டில், ஒரு டீக்கடை பெஞ்சில். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த தலைச்சுற்றல் இன்னும் அடங்கவில்லை. பக்கத்தில் மிளகு மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த பெரியவர், நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் கேட்டார்: “தொகுதியெல்லாம் மறுபடி வெட்டப் போறாங்களாமே தம்பி, எங்க மலையை எந்தப் பக்கம் தள்ளுவாங்க?”

“இப்போதைக்குத் தமிழ்நாட்டுக்கு எம்.பி. குறையுமா கூடுமான்னுதாங்க ஐயா பேச்சு.”

“அது உங்க கணக்கு. எங்க கணக்கை யாரு பாக்கறது?”

பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக 2008-ம் வருஷத்துத் தொகுதி மறுவரையறை ஆணையை எடுத்துப் படித்தேன். இந்த வார விமர்சனம் அந்தப் புத்தகத்துக்குத்தான்.

ஓய்வுபெற்ற சுப்ரீம் கோர்ட் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் எழுதியது. கதாநாயகன் கிடையாது, வில்லன் கிடையாது. பக்கம் பக்கமாக ஊர்ப் பெயர்கள். 93-வது தொகுதி சேந்தமங்கலம், பழங்குடியினருக்கான தனித்தொகுதி. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, வளப்பூர் நாடு என்று மலைமேல் இருக்கும் நாடுகள் வரிசையாக வருகின்றன. கூடவே சமவெளியில் இருக்கும் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, எருமப்பட்டி பேரூராட்சிகள். இரண்டுக்கும் நடுவே ஒரு கமா. அந்தக் கமாவுக்குள் எழுபது கொண்டை ஊசி வளைவு இருப்பது புத்தகத்தில் தெரியாது.

தெரிந்திருக்க வேண்டும். 2002-ம் வருஷத்து மறுவரையறைச் சட்டமே, கோடு போடும்போது நில அமைப்பு, போக்குவரத்து வசதி, பொதுமக்கள் சௌகரியம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது. பழங்குடித் தொகுதி என்றால் முடிந்தவரை அவர்களுடைய விகிதம் எங்கே அதிகமோ அங்கே அமைய வேண்டும் என்றும் சொல்கிறது. சேந்தமங்கலம் அப்படி அமைந்ததுதான். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொல்லிமலையில் 2011 கணக்குப்படி சுமார் 40 ஆயிரம் பேர். அதே கணக்குப்படி மாநிலத்தில் ஒரு தொகுதிக்குச் சராசரி 3 லட்சத்து 8 ஆயிரம் பேர். அதாவது, தொகுதி மலையின் பேரில். ஓட்டில் பெரும்பங்கு கீழே.

சரி, இப்போது நம்முடைய ரவுண்டு ஆஃப் விஷயத்துக்கு வருவோம்.

2008-க்கு முன்னால் தமிழகச் சட்டசபையில் பழங்குடித் தொகுதிகள் மூன்று. ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியபுரம். கொல்லிமலை ஆகாயகங்கையில் விழுகிற தண்ணீர் ஐயாறாக ஓடி, கிழக்கே புளியஞ்சோலையில் இறங்குகிறது இல்லையா? அந்தப் பக்கத்துத் தொகுதிதான் உப்பிலியபுரம். 2008 ஆணையில் அது காணாமல் போனது. அந்த வட்டாரத்தில் துறையூர் தொகுதி வந்தது, ஆதிதிராவிடர் தனித்தொகுதியாக. மூன்று, இரண்டானது.

ஏன்? கால்குலேட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். 2001 சென்சஸ்படி தமிழகத்தின் ஜனத்தொகை 6,24,05,679. பழங்குடியினர் 6,51,321. மொத்தம் 234 தொகுதி. வகுத்துப் பெருக்கினால் 2.44 வரும். ஐம்பது பைசாவுக்குக் கீழே. தள்ளியாச்சு. விடை 2.

கணக்கில் தப்பில்லை. பி.காம். முதல் வருஷத்துப் பையனும் இதைத்தான் போடுவான். எனக்கு உறுத்துவது வேறு. இந்த எல்லைகளின்படி நடந்த முதல் சட்டசபைத் தேர்தல் 2011-ல். அதே வருஷம் அடுத்த சென்சஸும் எடுத்தார்கள். அதில் ஜனத்தொகை 7,21,47,030. பழங்குடியினர் 7,94,697. இப்போது போட்டுப் பாருங்கள். 2.58. ஐம்பது பைசாவுக்கு மேலே! அரசியல் சட்டம் கேட்பது ஜனத்தொகை விகிதத்துக்கு ‘இயன்றவரை நெருக்கமான’ எண்ணிக்கை. 2.58-க்கு நெருக்கம் இரண்டா, மூன்றா? ஆனால் 2011, 2016, 2021 தேர்தல்கள் எல்லாம் நடந்தது பழைய 2.44-ல்தான்.

இதிலே இன்னொரு கூத்து. கொல்லிமலையில் பழங்குடியினராக எண்ணப்படும் மலையாளி மக்களின் (கேரளத்துக்காரர்கள் இல்லை, மலைவாசிகள்) உறவுக்காரர்கள், ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கிறார்கள். 2011 சென்சஸ் எடுத்தபோது அங்கே அவர்கள் பழங்குடிப் பட்டியலிலேயே இல்லை. மாவட்டக் கோடு தாண்டினால் சாதிச் சான்றிதழ் மாறிவிடுகிறது. அவர்களையும் சேர்த்திருந்தால் 2.58 இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

எந்த வருஷத்துக் கணக்கு என்பதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? 2022-ல் ஜம்மு காஷ்மீருக்குக் கோடு போட்டபோது 2011 சென்சஸை எடுத்தார்கள். அங்கே முதல் தடவையாகப் பழங்குடியினருக்கு ஒன்பது சட்டசபைத் தொகுதிகள் கிடைத்தன. அடுத்த வருஷமே அஸ்ஸாமுக்குக் கோடு போட்டபோது 2001 சென்சஸை எடுத்தார்கள். ஒரே தேசத்தில் இரண்டு தராசு.

“எல்லாத்தையும் எம்.எல்.ஏ.க்கள் கையிலே விட்டுடலாமே சார்” என்றார் ஒரு நண்பர். வேண்டாம் சாமி. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் அப்படித்தான். சட்டசபைக் கமிட்டி உட்கார்ந்து கோடு போடும், ஆளுங்கட்சி மெஜாரிட்டியில் பாஸ் பண்ணும். மாசசூசெட்ஸில் கெர்ரி என்ற கவர்னர் 1812-லேயே பல்லி மாதிரி ஒரு தொகுதி வெட்டிய மசோதாவில் கையெழுத்துப் போட்டு, அகராதியில் இடம் பிடித்தார். ஜெர்ரிமேண்டரிங் என்ற வார்த்தை அவர் உபயம். 2025 ஆகஸ்டில் டெக்சாஸில், சென்சஸுக்குக் காத்திருக்காமல், ஆளுங்கட்சி இன்னும் ஐந்து இடம் பிடிக்கத் தோதாக மேப்பை மாற்றினார்கள். தடுக்க வழியில்லாமல் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.க்கள் மாநிலத்தை விட்டே ஓடிப் பார்த்தார்கள். அங்கே ஓட்டுப் போடுகிறவர் தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், தலைவர் ஓட்டுப் போடுகிறவரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

நம்முடைய ஏற்பாடு அந்த வகையில் கௌரவமானது. ஆனால் அதற்கு வேறு வியாதி. மாநிலத்துக்கு ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. துணை உறுப்பினர்களாக உட்காருவார்கள். பேசலாம். ஓட்டுப் போடக் கூடாது, கையெழுத்தும் போடக் கூடாது. ஆணை சட்டசபையின் மேஜையில் வைக்கப்படும். ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. கோர்ட்டுக்கும் போக முடியாது என்றுதான் ரொம்ப காலம் இருந்தது. 2024-ல் ஒரு குஜராத் வழக்கில்தான், ஆணை அப்பட்டமாகத் தன்னிச்சையாக இருந்தால் பார்க்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் கதவைக் கொஞ்சம் திறந்தது.

ஆக, ஜனங்களுக்கு நிச்சயமாக இருப்பது ஒரே ஒரு ஜன்னல். வரைவு வெளியானதும் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம், ஆணையம் நடத்தும் பொது அமர்வில் போய்ப் பேசலாம். அமர்வு ஒன்றோ, அதற்கு மேலோ என்கிறது சட்டம். அது ஏதோ ஒரு பெரிய ஊரில், ஏ.சி. ஹாலில் நடந்தால், மிளகு மூட்டையை விட்டுவிட்டு யார் இறங்கி வருவார்கள்?

2025 மார்ச் 5-ம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டினார். ஜனத்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்குத் தண்டனையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் டெல்லியைப் பார்த்து அதைக் கேட்கிற நாம், மலையைப் பார்த்து என்ன சொல்கிறோம்? எண்ணிக்கை குறைவு என்பதற்காகக் குரல் குறையக் கூடாது என்பது நம் வாதம் என்றால், அது கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் பொருந்தாதா? ஜவ்வாது மலையிலும், கல்வராயன் மலையின் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலும் மலையாளி மக்கள் பொதுத் தொகுதிகளுக்குள் கரைந்து கிடக்கிறார்கள். லோக்சபாவில் தமிழ்நாட்டுக்கு இருக்கும் 39-ல் பழங்குடித் தொகுதி ஒன்றுகூடக் கிடையாது. அங்கேயும் ரவுண்டு ஆஃப்தான். 0.41, பூஜ்யமாகிவிட்டது.

ஒரு எம்.எல்.ஏ. கூடினால் என்ன பெரிதாக வந்துவிடும் என்று கேட்கலாம். 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தில் பட்டா, சாதிச் சான்றிதழ், மழையில் சரியும் ரோடு - இதையெல்லாம் 234 பேர் சபையில் எழுந்து கேட்க இரண்டு பேர். அதிலும் ஒருவர் ஆளுங்கட்சியாக இருந்தால் எழுந்திருக்க யோசிப்பார். மிச்சம் ஒருவர். இந்த லட்சணத்தில் மூன்றாவது ஆள் ஆடம்பரமா?

2025 ஜூனில் வந்த அறிவிக்கையில் அடுத்த சென்சஸுக்குக் குறித்திருக்கும் நாள் 2027 மார்ச் 1. அடுத்த கோடு எப்போது வந்தாலும் கட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள்: 39-க்குச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். கூடவே, ஆணையத்தின் ஒரு அமர்வைச் செம்மேட்டில் நடத்தச் சொல்லுங்கள். எழுபது வளைவு ஏறி வரட்டும். நில அமைப்பு என்று சட்டத்தில் எழுதியிருப்பதன் அர்த்தம் அவர்கள் வயிற்றுக்குத் தெரியும்.

பெரியவரிடம் போன் நம்பர் வாங்கி வந்திருந்தேன். கூப்பிட்டு 2.44 கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“மிளகு எடை போடறப்ப வியாபாரியும் இப்படித்தான் தம்பி. நானூறு கிராம் கூட இருந்தா கணக்குல சேத்த மாட்டான். ஆனா மிளகை மட்டும் திருப்பித் தர மாட்டான்.”