வழமையான வாரம் எது?

மக்களின் உடலசைவை அளக்க உலகச் சுகாதார நிறுவனம் தயாரித்த படிவத்தில் 16 கேள்விகள் உண்டு. அவற்றில் பல ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: வழமையான ஒரு வாரத்தில் எத்தனை நாள், நாளொன்றுக்கு எவ்வளவு நேரம்? கொழும்பில் வங்கியில் வேலை செய்பவர் இதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிடுவார். மட்டக்களப்பின் செங்கலடியிலிருந்து பதுளை வீதி வழியே வயல்வட்டைக்குப் போய்வரும் ஒருவருக்கு வழமையான வாரம் எது? பெரும்போக விதைப்பு வாரமா, வெட்டு வாரமா, இரண்டுக்கும் இடையில் கூலி தேடி அலையும் வாரமா?

அதற்காக அளப்பதே வீண் என்று தள்ளிவிட முடியாது. இலங்கையில் பத்துச் சாவில் எட்டுக்கு மேல் தொற்றாநோய்களால் நேர்கிறது. இந்தப் படிவத்தை வைத்து நடந்த 2015ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், 18 முதல் 69 வயது வரையானவர்களில் 30.4 வீதத்தினருக்குப் போதிய உடலசைவு இல்லை என்று தெரியவந்தது. ஆண்களில் 22.5 வீதம், பெண்களில் 38.4 வீதம். இந்த இடைவெளி எந்த வைத்தியரின் அனுபவத்துக்கும் இவ்வளவு தெளிவாக அகப்பட்டிருக்காது. சீனி வருத்தக் கிளினிக்கில் வரிசை நீள்வதை யாரும் கண்ணால் காணலாம். அந்த வரிசை உருவாகிக்கொண்டிருந்த வருடங்களைக் காண அளவைத்தான் நம்ப வேண்டும்.

உடலசைவு ஆராய்ச்சியின் தொடக்கமே ஒரு பஸ் கதைதான். லண்டனின் இரட்டைத் தட்டு பஸ்களில் நாள் முழுக்கப் படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு, இருந்த இடத்திலேயே இருக்கும் சாரதிகளைவிட மாரடைப்புக் குறைவு என்று 1953இல் ஜெரி மொரிஸும் கூட்டாளிகளும் எழுதினார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். மூன்று வருடம் கழித்து அவர்களே பஸ்காரர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். சாரதிகளின் காற்சட்டை இடுப்பு, வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே பெரிதாக இருந்தது. அப்படியென்றால் இதயத்தைக் கெடுத்தது ஆசனமா, அதில் வந்து உட்கார்ந்த உடம்பா? தங்கள் கண்டுபிடிப்பைத் தாங்களே உரசிப் பார்த்த அந்தப் பழக்கம் இன்றைய படிவங்களுக்கும் தேவை.

உரசிப் பார்ப்போம். கணக்கு இப்படி: நடுத்தர உழைப்பின் ஒரு நிமிடத்துக்கு 4 புள்ளி, மூச்சு வாங்கும் கடும் உழைப்பின் ஒரு நிமிடத்துக்கு 8 புள்ளி. வாரத்துக்கு 600 புள்ளி வந்தால் 'போதிய உடலசைவு'. வரம்பு கட்டுவதற்கு வயலில் ஒரே ஒரு நாள், மூன்று மணித்தியாலம் மண்வெட்டி பிடித்தவருக்கு 1,440 புள்ளி கிடைத்துவிடும். மற்ற ஆறு நாளும் அவர் திண்ணையில் கிடந்தாலும் படிவம் குறை சொல்லாது. இப்போது வெட்டு மெசின் வந்துவிட்டது. முன்பு பல நாள் குனிந்து வெட்டிய வயல் சில மணித்தியாலங்களில் முடிந்துவிடுகிறது. ஆனாலும் 'விவசாயி' என்றதும் கேட்கிறவருக்கும் பதில் சொல்கிறவருக்கும் மனதில் வருவது பழைய உழைப்புத்தான்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. வேலை, போக்குவரத்து, பொழுதுபோக்கு ஆகிய மூன்றையும் படிவம் தனித்தனியாகக் கேட்கிறது. கடைசியில் மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கூட்டிவிடுகிறது. டென்மார்க்கில் அந்திரியாஸ் ஹோல்டர்மன் குழுவினர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வுநேர உடலசைவு கூடியவர்களுக்கு இதய நோய் ஆபத்துக் குறைந்திருந்தது. வேலையிடத்து உடலுழைப்புக் கூடியவர்களுக்கு ஆபத்துக் கூடியிருந்தது. வறுமைதான் உண்மையான காரணம் என்று மறுப்பவர்களும் உண்டு. விவாதம் முடியவில்லை. ஆனால் நெல்மூட்டை தூக்குவதையும் மாலையில் கரப்பந்து ஆடுவதையும் ஒன்றாகக் கூட்டுவது சரியா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

பெண்கள் விடயத்தில் கோளாறு எதிர்ப்பக்கமாக நடக்கிறது. வீட்டு வேலையும் வேலைதான் என்று படிவத்தில் தெளிவாகவே இருக்கிறது. கேள்வி கேட்கப் போன உத்தியோகத்தரிடம் வயதான ஒரு அம்மா என்ன சொல்வார்? "வேல ஒண்டும் இல்ல புள்ள, வீட்டோட சும்மாதான் இரிக்கன்." கிணற்றில் அள்ளிய தண்ணீர், கூட்டிய வளவு, தூக்கித் திரிந்த பேரப்பிள்ளை எல்லாம் அந்தச் 'சும்மா'வுக்குள் போய்விடும். போதாததற்கு, தொடர்ந்து பத்து நிமிடம் செய்தது மட்டுமே கணக்கு என்ற நிபந்தனை வேறு. எந்த வீட்டு வேலை பத்து நிமிடம் இடைவிடாமல் நடக்கிறது? அந்தப் பத்து நிமிட நிபந்தனையை உலகச் சுகாதார நிறுவனமே 2020 வழிகாட்டலில் கைவிட்டுவிட்டது. ஆகவே 38.4இல் எவ்வளவு உண்மையான அசைவின்மை, எவ்வளவு சொல்லாமல் விட்ட உழைப்பு என்று பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

2022 இன்னொரு பாடம். எரிபொருள் தட்டுப்பாட்டில் அட்டை முறை தொடங்கியபோது மோட்டார்சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர் பெற்றோல். மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. அந்த மாதங்களில் யாராவது படிவத்தோடு வந்திருந்தால் எங்கள் பக்கத்து உடலசைவு நன்றாகவே கூடியிருக்கும். அதே மாதங்களில்தான் மீனும் பால்மாவும் பல வீட்டுச் சட்டியிலிருந்து விலகின. புள்ளி கூடியிருக்கும், உடம்போ வற்றியது.

ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்த ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் 2011இலிருந்து நாடு முழுவதும் இயங்குகின்றன. உயரம், எடை, இடுப்பு, பிரஷர், சீனி பார்ப்பார்கள். நல்ல காரியம், காசும் இல்லை. ஆண்கள் வருவதுதான் குறைவு. கூலிநாளை விட்டுவிட்டு வருத்தமில்லாத உடம்பைக் காட்ட யார் போவது? வருகிற பெண்களுக்குக் கிடைக்கும் ஆலோசனை 'தினமும் நடவுங்கள்' என்பது. மட்டக்களப்பு நகரில் வாவிக்கரையோரம் நடக்கலாம். செங்கலடியில் நடை என்றால் பெரும்பாலும் பிரதான வீதியோரந்தான். உடம்பை அளக்கிறோம், அது அசைவதற்கான இடத்தை அளப்பதில்லை.  

நான் கேட்பது, மனிதர் சொல்லும் நிமிடங்களோடு அவர் உடம்பின் வலுவையும் அளக்கச் சொல்லித்தான். 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. கைப்பிடி வலு 5 கிலோ குறையும்போதெல்லாம் சாவு ஆபத்து 16 வீதம் கூடியதாக அதில் கண்டார்கள். கைப்பிடி வலுவை அளக்கும் கருவிகூட வேண்டாம். ஒரு கதிரையும் மணிக்கூடும் போதும். 30 செக்கனில் கை ஊன்றாமல் எத்தனை தரம் எழும்பி உட்கார்கிறார் என்று எண்ணலாம். "சும்மாதான் இரிக்கன்" என்றவரின் காலில் எவ்வளவு வலு மிச்சம் என்று அது காட்டும். முழங்கால் தேய்ந்தவருக்கு இந்தச் சோதனை அநியாயமாகப் படலாம், ஆனால் அவருக்கு முதலில் முழங்காலைத்தான் பார்க்க வேண்டும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

தேசிய ஆய்வின் ஐயாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து செங்கலடி அடங்கும் ஏறாவூர்ப்பற்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. வந்தாறுமூலையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கு விவசாய பீடமும் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடமும் உண்டு. பயிர்க்காலம் தெரிந்தவர்களும் உடம்பு தெரிந்தவர்களும் ஒரே நிறுவனத்தில் இருக்கிறார்கள். அதே வீடுகளுக்குப் பெரும்போக வெட்டின்போது ஒருமுறையும், விதைப்புக்கு முந்திய வறண்ட மாதத்தில் ஒருமுறையும் போய், படிவத்தையும் கதிரையையும் கொடுத்துப் பார்க்கட்டும். இரண்டு கணக்கும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்று தெரிந்த பிறகு 30.4ஐ இந்தப் பக்கத்துக்கு எப்படி வாசிப்பது என்று பேசலாம்.