ஆர்ல் நகரத்துத் தூக்குப்பாலம்

பிரான்சு தேசத்தின் தெற்கே, ஆர்ல் நகருக்குப் புறத்தே கிடக்கும் கால்வாயின் கரையில் சித்திரப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்காருகிறவனுக்கு, 1888-ஆம் ஆண்டின் வசந்தத்தில் வான்கோ தீட்டிய லாங்லுவா பாலத்தையே காண்கிறோம் என்ற பிரமை எளிதில் உண்டாகிவிடும். ஆனால் அது 1930-இல் கான்கிரீட் பாலத்துக்கு இடம் விட்டு மறைந்துபோயிற்று, இப்போது நிற்பதோ அதே கால்வாயில் வேறோரிடத்திலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த சகோதரப் பாலம். அதற்காக இதை இகழ எனக்கு மனமில்லை.

செங்குத்தான மரத் தூண்களின் உச்சியில் கிடக்கும் உத்திரங்கள், முன்முனையில் சங்கிலியால் பாலத்தின் தளத்தைப் பற்றிக்கொண்டு, பின்முனையில் அதற்கு ஈடான பாரத்தைச் சுமந்து, ஏற்றத்தின் துலாவைப்போலச் சமநிலையில் நிற்பதால்தான் அத்தனை கனத்தையும் சொற்ப பலத்தால் உயர்த்த முடிகிறது. தளம் எவ்வளவு எழுந்தாலும் உத்திரமும் அதற்கு இணையாகவே எழும் என்ற சூட்சுமம், பார்க்கும்போதன்றி வரையும்போதே புலனாகிறது. ஒரு கோட்டைச் சற்றுச் சாய்த்துவிட்டால் பாலம் முழுவதும் பொய்யாகிவிடும். அலங்காரத்துக்கென்று ஒரு துண்டு மரங்கூட இதில் இல்லை. இருந்திருந்தாலும் வான்கோ அதை விட்டுவிட்டே தீட்டியிருப்பார் என்பது என் ஊகம்.