'உதவி' என்னும் சொல்

அமெரிக்க சமஷ்டி அரசின் கல்விக் கடன் பெற மாணவர் நிரப்பும் படிவத்தின் பெயர், 'சமஷ்டி மாணவர் உதவிக்கான இலவச விண்ணப்பம்' என்பதாகும். இப்பெயரையே நாம் முதலில் விமர்சிக்க வேண்டியுள்ளது. திருப்பிக் கொடுக்க வேண்டாத பெல் நன்கொடையும், வட்டியோடு திருப்ப வேண்டிய கடனும் 'உதவி' என்ற ஒரே சொல்லுள் அடங்குகின்றன. கடனும் இருவகைத்து: ஒன்றில் படிப்புக் காலத்து வட்டியை அரசு ஏற்கும், மற்றதில் பணம் வழங்கிய நாள்தொட்டே வட்டி வளரும். 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் வறியோர்க்குக் கல்லூரிக் கதவைத் திறந்தது உண்மையே. ஆயின், செல்வன் கட்டணத்தோடு முடிக்கும் படிப்புக்குக் கடன்பட்ட வறியவன் வட்டியும் செலுத்துகின்றான். எனவே விண்ணப்பிப்போர் ஒவ்வொரு தொகையும் நன்கொடையா, கடனா, எவ்வகைக் கடன் என்று கேட்டறிந்து, இன்றியமையாத கடனை மட்டுமே ஏற்றல் வேண்டும். கடனைக் கடனென்றே அரசு எழுதட்டும். கல்வி உரிமையா, விலைப்பொருளா என்ற வினா அப்போதுதான் மறைவின்றி எழும்.