ஒழுங்கிலிருந்து பிறக்கும் அறிவு

ஆய்விதழ்கள் பெருகிவிட்ட காலத்தில், ஒரு பொருளை அடிமுதல் நுனிவரை ஆராயும் துறைநூல்களுக்கு இன்னும் தேவை இருக்கிறதா என்ற கேள்வி எழுகிறது. புதிய முடிவுகள் கட்டுரைகளாக வந்துவிடுகின்றன, நூல் அவற்றைத் தொகுத்துத் தருவதோடு சரி என்பது பரவலான எண்ணம். தத்துவம், பொறியியல், வானியற்பியல் ஆகியவற்றிலிருந்து துறைக்கொரு நூலை எடுத்துப் பார்த்தாலே இந்த எண்ணம் ஆட்டம் காண்கிறது. சிதறிக் கிடப்பதை நிரல்பட அடுக்கும் உழைப்பே, அதுவரை யார் கண்ணிலும் படாத பிழையையும் புதுக் கேள்வியையும் வெளியே கொண்டுவருகிறது.

ஜெர்மானியத் தர்க்கவியலாளர் ஃபிரேகே, எண்கணிதத்தைத் தர்க்கத்திலிருந்தே பெறலாம் என்று நிறுவ முனைந்து ‘எண்கணிதத்தின் அடிப்படை விதிகள்’ நூலின் முதல் தொகுதியை 1893இல் வெளியிட்டார். எந்த விதியிலிருந்து எந்த முடிவு வருகிறது என்பதை ஒரு படியும் விடாமல் குறியீட்டில் எழுதினார். இரண்டாம் தொகுதி அச்சில் இருந்தபோது, 1902இல், தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரசல் கடிதம் எழுதி ஒரு முரண்பாட்டைச் சுட்டினார். அதன் வேர் தம் ஐந்தாம் விதியில் இருப்பதை உணர்ந்த ஃபிரேகே, அதை மறைக்காமல் பின்னிணைப்பாக எழுதிச் சேர்த்தார். எல்லாம் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்ததால்தான் கோளாறு எங்கே என்று விரல்வைத்துச் சொல்ல முடிந்தது. இருபதாம் நூற்றாண்டுக் கணிதத் தர்க்கம் அந்த முரண்பாட்டோடு போராடித்தான் வளர்ந்தது.

பொறியியலில் ஒழுங்கின் தேவை இன்னும் கூர்மையானது. கனடாவின் கியூபெக் பாலம் 1907இல் கட்டுமானத்தின்போதே சரிந்து 75 தொழிலாளர்கள் மாண்டனர். அழுத்தம் தாங்க வேண்டிய எஃகு உறுப்புகள் நெளிந்து மடங்கியிருந்தன. அத்தகைய உறுப்புகளைப் பற்றிப் பொறியாளர்களுக்கு இருந்த அறிவே போதவில்லை என்றது விசாரணைக் குழு. மெலிந்த தூண் எந்தச் சுமையில் நெளியும் என்ற கணக்கைக் கணிதவியலாளர் ஆய்லர் 1744இலேயே தந்திருந்தார். பின்வந்தோர் சேர்த்தவை பல மொழிகளின் இதழ்களில் கிடந்தன. ஒரு நூல் அந்தப் பாலத்தைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. பாலத்தின் சொந்த எடையே குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தது. ஆனால் பொறியியலாளர் திமோஷென்கோ 1936இல் மீட்சி நிலைப்புக் கோட்பாட்டைப் பற்றி எழுதிய நூலில் தூண், தகடு, மெல்லிய ஓடு ஆகியவற்றின் நெளிவை ஒன்றாக வைத்து ஆராய்ந்தபின், வடிவமைப்பவர் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் நூல் மிகத் தெளிவான சான்று. தன் ஈர்ப்பால் பிணைந்து சுழலும் திரவத் திரளின் வடிவம் நியூட்டன், மெக்லாரின், யாக்கோபி, ரீமான் எனப் பலர் கைபட்டுப் பழமையாகிவிட்ட சிக்கல். சக ஆய்வாளர் லெபோவிட்ஸுடன் சேர்ந்து அதை மீண்டும் முதலிலிருந்து ஒழுங்குசெய்த சந்திரசேகர், 1969இல் அதை நூலாக்கினார். அடுத்த ஆண்டே, ஈர்ப்பலை உமிழ்வு அத்தகைய சுழலும் உருவத்தை நிலைகுலையச் செய்யும் என்று காட்டினார். இயற்பியலாளர்கள் ஃப்ரீட்மனும் ஷூட்ஸும் 1978இல் அதைச் சுழலும் விண்மீன்களுக்குப் பொதுவாக விரித்தனர். பழைய கணக்கு இன்று நியூட்ரான் விண்மீன் ஆய்வில் உயிரோடு இருக்கிறது.

நூல் எழுதி முடிப்பதற்குள் துறை நகர்ந்துவிடும் என்பார்கள். முடிவுகள் நகரும், உண்மைதான். அவற்றைத் தாங்கும் கட்டமைப்பு அவ்வளவு விரைவாக நகர்வதில்லை. கட்டுரையும் நூலும் ஒன்றுக்கொன்று பகை அல்ல: 1952 முதல் 1971 வரை முதன்மையான வானியற்பியல் ஆய்விதழின் ஆசிரியராக இருந்த அதே சந்திரசேகர்தான் அந்த நூலை எழுதினார். வாசகர் மிகச் சிலரே என்ற மறுப்பும் உண்டு. இரண்டாம் தொகுதியை ஃபிரேகே தம் கைக்காசில்தான் அச்சிட்டார். ஆனால் அவருடைய சில வாசகர்களில் ஒருவர் ரசல். இத்தகைய நூலின் பயனை விற்பனையால் அளப்பது பொருந்தாது. கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்தே அறிஞரை மதிப்பிடும் பல்கலைக்கழகங்கள், ஆண்டுக்கணக்கில் ஒரே நூலில் மூழ்குபவரைத் தண்டிக்கின்றன. அந்த உழைப்புக்குச் சம்பளத்தோடு கூடிய காலமும் பதவி உயர்வில் உரிய மதிப்பும் தருவது, ஆராய்ச்சிக்குச் செய்யும் சலுகை அல்ல. அதுவும் ஆராய்ச்சியே என்று ஒப்புக்கொள்வது.