நானாத்தான் வந்தேன்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்கள், வெளிச்சம் வருமுன்பே சாலையில் வரிசை கட்டிவிடும். இறங்குகிறவர்களில் பலர் இருபதைத் தொட்டும் தொடாத பெண்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சின்னப் பை, கண்ணில் மிச்சமிருக்கும் தூக்கம். திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து ஹாஸ்டலிலோ ரூம் எடுத்தோ தங்கியிருப்பவர்கள். எதற்காக இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டால், "யாரும் அனுப்பல, நானாத்தான் வந்தேன்" என்பதுதான் இந்தப் பக்கம் வழக்கமாகக் கிடைக்கும் பதில். இன்னும் கொஞ்சம் பேசவிட்டால் மீதியும் வரும். எங்க ஊர் அக்கா ஒருத்தங்க முன்னாடியே இங்க இருந்தாங்க. அப்பாவுக்குக் கடன் இருந்துச்சு. தம்பி படிக்கிறான். ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு வா, அப்புறம் கல்யாணம் பேசலாம்னு அம்மா சொன்னாங்க.

"நானாத்தான்" என்றது பொய்யில்லை. பின்னால் வந்தவையும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே விளக்கத்துக்குள் வைத்துக் காட்ட முடிகிறதா என்பதே சமூகவியலுக்கு நான் வைக்கும் சோதனை. தனிமனிதத் தேர்வுக்குப் பின்னால் சமூகம் இருக்கிறது என்று அது நூறாண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவருகிறது. அதில் எவ்வளவு இந்தத் தொழிற்சாலைச் சாலையில் நிற்கிறது, எவ்வளவு நிற்கவில்லை?

நிற்கும் பகுதியிலிருந்து தொடங்குவோம். 1897-இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கெய்ம் தற்கொலை பற்றிய தம் நூலில் கேள்வியையே மாற்றினார். இன்னார் ஏன் இப்படிச் செய்தார் என்பதை விட்டுவிட்டு, இந்தச் சமூகத்தில் ஏன் இத்தனை பேர், அந்தச் சமூகத்தில் ஏன் குறைவு என்று கேட்டார். மிக அந்தரங்கமான முடிவு என்று எல்லாரும் கருதியதன் விகிதம் மதத்தையும் குடும்ப நிலையையும் ஒட்டி மாறுவதைக் காட்டினார். அவருடைய புள்ளிவிவரங்களில் பின்னால் வந்தவர்கள் குறை கண்டார்கள்; கேள்வி மட்டும் உயிரோடு இருக்கிறது.

அந்தக் கேள்வியை இங்கே வைத்துப் பார்ப்போம். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலைபார்க்கும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். லட்சக்கணக்கான பெண்கள் தனித்தனியே யோசித்துத் தற்செயலாக ஒரே மாநிலத்தில் ஒரே முடிவுக்கு வந்திருக்க முடியாது. பெண்ணைப் பிளஸ் டூ வரை படிக்கவைக்கும் வழக்கம் கிராமங்களில் ஊன்றியது. விவசாயக் கூலி ஒரு குடும்பத்தைத் தாங்கும் நிலை போனது. அரசு சிப்காட் வழியாக நிலமும் சாலையும் கொடுத்து ஆலைகளை அழைத்தது. எத்தனை பேர், எந்த வயதில், எங்கிருந்து வருகிறார்கள் என்பதை இவை விளக்கிவிடுகின்றன. இந்த இடத்தில் சமூகவியலுக்கு முழு மதிப்பெண்.

இதற்குச் சம்பளம் ஒன்றே போதாதா, எங்கே கூலி அதிகமோ அங்கே ஆள் போகும், இதற்கு எதற்குச் சமூகவியல் என்று ஒரு மறுப்பு உண்டு. ஆனால் சம்பளம் எல்லாரையும் ஒன்றுபோல அழைப்பதில்லை. ஐபோன் அசெம்பிள் செய்யும் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்கள் வேலைக்கு எடுக்கப்படாமல் தவிர்க்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் விரிவான புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், விடுப்பு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டதாக அச்செய்தி கூறியது. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது; 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி, ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, இங்கே அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: "கல்யாணம் ஆச்சு, நின்னுட்டா." வேலையை விடும்போது எழுதிக்கொடுக்கும் கடிதத்திலும் "சொந்தக் காரணங்களுக்காக" என்றுதான் இருக்கும். மாமியார் வீட்டின் எதிர்பார்ப்பு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத இரவு ஷிஃப்ட், திருமணமான பெண் திரும்பி வந்தால் திறக்குமா என்று தெரியாத கேட் எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. சம்பளக் கணக்கு இதைக் காணாது. சமூகவியல் காணும், ஒரு நிபந்தனையோடு: "சமூகத் தாக்கம்" என்றவுடன் குடும்பம், சாதி, ஊர்வழக்கம் என்று கிராமத்தை மட்டும் கைகாட்டக் கூடாது. ஆள் எடுக்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரும் சமூகம்தான். அதை மறந்தால், ஆலையின் விருப்பம் கிராமத்தின் பண்பாடாகக் கணக்கில் ஏறிவிடும்.

வெளிநாட்டுக் கோட்பாட்டை அப்படியே இறக்குவதிலும் சிக்கல் இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, நெருங்கிய உறவைவிடத் தூரத்து அறிமுகங்களே புதிய செய்தியைக் கொண்டுவரும் என்றது. பாஸ்டன் பக்கம் வேலை மாறிய ஆண்களிடம் அவர் அதைத்தான் கண்டார். இங்கே செய்தி வாட்ஸ்அப்பிலும் ஏஜென்ட் மூலமும் வருகிறது, அதுவரை சரி. ஆனால் பத்தொன்பது வயதுப் பெண் ஊரைவிட்டுப் புறப்படச் செய்தி மட்டும் போதாது, சம்மதம் வேண்டும். "அந்த அக்காகூடத்தானே இருக்கப் போற" என்று அம்மா சொல்வதற்கு, அந்த அக்கா தெருக்காரியாகவோ சொந்தக்காரியாகவோ இருக்க வேண்டும். வேலை பற்றிய சேதி எட்டத்திலிருந்து வரலாம். அனுமதி கிட்டத்திலிருந்துதான் வரும். அந்த பாஸ்டன் பக்கத்து ஆண்களிடம் கண்ட முடிவைத் திருத்தாமல் இங்கே பொருத்தினால் பாதிதான் பொருந்தும்.

இன்னும் கடினமான சோதனை பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியுவின் கோட்பாட்டுக்கு. தமக்குக் கிடைக்கக்கூடியதையே மனிதர்கள் விரும்பப் பழகிவிடுகிறார்கள். வாழ்ந்த நிலைமை உடம்பிலும் ரசனையிலும் படிந்து, விருப்பமாக மாறி வெளியே வருகிறது என்பது அவர் கருத்தின் சாரம். பொறுத்துப்போவதை விளக்க இதைவிடக் கூர்மையான கருவி கிடைக்காது. பொறுத்துப்போவதை மட்டுமே நன்றாக விளக்குவதுதான் அதன் குறை.

2021 டிசம்பரில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் கெட்டுப்போன உணவால் 250-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்; 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நெருக்கடியான அறைகளும் தண்ணீர் இல்லாத கழிப்பறைகளும் அப்போதுதான் வெளியே தெரிந்தன. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சுமார் 17,000 பேர் வேலைபார்த்த ஆலை நின்றது. 2022 ஜனவரி 12-இல்தான் மீண்டும் திறந்தது. அடங்கியிருப்பார்கள் என்று கருதியே இளம்பெண்களை ஆலைகள் விரும்பி எடுக்கின்றன என்று ஆய்வாளர்கள் எழுதிவந்திருக்கிறார்கள். அந்த இளம்பெண்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள்.

சமூகவியலாளர் டென்னிஸ் ராங் 1961-லேயே தம் துறையை எச்சரித்திருந்தார்: சமூகம் முழுக்க முழுக்கப் பிசைந்து உருட்டிய பொம்மையாக மனிதரைக் காட்டாதீர்கள் என்று. நெடுஞ்சாலையில் அந்த எச்சரிக்கை மெய்யானது. அதற்காக, சமூகத்தை உதறிவிட்டுத் தனித்தனி மனஉறுதி கிளர்ந்தது என்று சொல்வதும் தவறாகும். ஒரே அறையில் படுத்து, ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே லைனில் நின்று பழகியதால்தான் ஒருத்தியின் வயிற்றுவலி எல்லாருடைய கோபமாகியது. கட்டிவைத்த விடுதியே அவர்களைக் கூட்டியும் வைத்தது. கட்டுப்படுத்தும் உறவே துணிவையும் தரக்கூடும் என்பதை விளக்காத சமூகவியல் பாதிச் சமூகவியல்தான்.

அந்த மறுபாதிக்கு முன்மாதிரி உண்டு. ஆய்வாளர் நைலா கபீர் 2000-இல் வெளியிட்ட நூலில் டாக்காவையும் லண்டனையும் ஒப்பிட்டார். பர்தா வழக்கம் இறுகியிருந்த டாக்காவில் வங்காளதேசப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஆயத்த ஆடை ஆலைக்குப் போனார்கள். கட்டுப்பாடு குறைவென்று நாம் நினைக்கும் லண்டனில் அதே சமூகத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே தைத்தார்கள். "பண்பாடு" என்ற ஒற்றைச் சொல் இந்தப் புதிரின்முன் வாயடைத்துப்போகும். கபீர் பெண்களைப் பேசவைத்து, அவர்கள் சொன்ன காரணங்களைச் சான்றாக எடுத்துக்கொண்டு, அவற்றைச் சுற்றியிருந்த சூழலையும் எடைபோட்டார்.

நம் ஊரிலும் அந்த வழியில் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா கைபேசி ஆலை 2006-இல் திறந்து 2014 நவம்பர் முதல் தேதி மூடப்பட்டது. அங்கே வேலைபார்த்து ஒரே வாடகை அறையில் தங்கியிருந்த பெண்களின் உரையாடலை ஆய்வாளர் மதுமிதா தத்தா 'மொபைல் கேர்ள்ஸ் கூட்டம்' என்ற நூலாக 2021-இல் தந்தார். வேலை, காதல், கல்யாணம், சுதந்திரம் என்று அவர்களே தங்கள் வாழ்வை அலசுகிறார்கள். தம்மேல் விழும் அழுத்தம் எங்கிருந்து வருகிறதென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

என் தீர்ப்பு இது. எந்தக் கதவுகள் யாருக்குத் திறந்திருக்கின்றன, யார் அவற்றைத் திறந்தார்கள், யார் அடைத்தார்கள் என்பதைச் சமூகவியல்போல வேறெந்தத் துறையும் சொல்வதில்லை. ஒரே தெருவில், ஒரே கடன்சுமையில் வளர்ந்த இரண்டு பெண்களில் ஒருத்தி ஏன் புறப்பட்டாள், இன்னொருத்தி ஏன் நின்றாள் என்று கேட்டால் அது திணறும். திணறுவதை ஒப்புக்கொள்வதே அதற்கு மரியாதை. அவள் காரணத்தை அவளிடமே கேட்காமல் மேலிருந்து விளக்கும்போது அது தோற்கிறது. ஆள் எடுக்கும் மேசையை விட்டுவிட்டுக் கிராமத்தை மட்டும் விசாரிக்கும்போது தோல்வியோடு அநீதியும் சேர்கிறது.

2024 ஆகஸ்டில் இதே வட்டாரத்து வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. சாலைக்கு வந்து உட்கார்ந்த பெண்கள் எழுப்பிய கேள்விக்கு அது ஓரளவு பதில். ஆனால் அது தனியாக வந்து தங்கும் பெண்களை மனத்தில் வைத்துக் கட்டிய பதில். கைக்குழந்தையோடு திரும்பி வர நினைப்பவளுக்கு அங்கே என்ன இடம் என்று கேட்டால், "சொந்தக் காரணங்களுக்காக" என்று அவள் எழுதிக்கொடுத்த கடிதத்தில் எவ்வளவு அவளுடையது என்பது தெரிந்துவிடும்.