கிணற்றை எண்ணிய சட்டம்

சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் (ஒழுங்குமுறை) சட்டம் 1987இல் வந்தது. அதற்குள் சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் கடல்நீர் நிலத்தடியில் 9 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. 1969இல் அது 3 கிலோமீட்டர், 1983இல் 7. ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் மாநகருக்கும் ஆலைகளுக்கும் வயலுக்கும் சேர்த்து இறைத்ததன் விலை அது. தாமதமாக வந்த சட்டம்தான். ஆனால் தாமதம் அதன் பெரிய குறை அல்ல.

முதலில் அதற்குரிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, நிலம் யாருடையதோ அவர் தம் நிலத்தின் அடியிலுள்ள நீரை விருப்பம்போல் எடுக்கலாம். அந்தப் பழைய உரிமைக்கு நடுவே புகுந்து, கிணறு தோண்டவும், வீட்டுத் தேவை தவிர்த்த பயன்பாட்டுக்கு நீர் எடுக்கவும், லாரியில் கொண்டுபோகவும் அனுமதி கேட்க வைத்தது இந்தச் சட்டம். அது சிறிய துணிச்சல் அல்ல.

ஆனால் சட்டத்தின் கண் கிணற்றின்மீது இருந்தது, நீரின்மீது இல்லை. கரையோரத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை உப்பு ஏறாது என்பது பழைய கணக்கு. மேலே ஒரு மீட்டர் இறங்கினால் காலப்போக்கில் கீழே இழப்பது 40 மீட்டர். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எத்தனை போர்வெல் என்பதல்ல. இந்தப் படுகையிலிருந்து இந்த ஆண்டு மொத்தம் எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான். உரிமங்களைக் கூட்டிப் பார்த்தால் அந்த விடை கிடைக்காது. வேளாண் பம்ப்செட்டுக்கு மின்சாரமும் இலவசம் என்பதால் மின்கட்டணத்தை வைத்து இறைப்பைக் கணிக்கவும் வழியில்லை.

அதைவிட என்னை வருத்துவது வேறு. உரிமம் தரும் ஏற்பாட்டில் பங்குள்ள சென்னைக் குடிநீர் வாரியமே பெரிய இறைப்பாளர். 2000களின் தொடக்கத்து வறட்சியில் அது உழவர் கிணறுகளிலிருந்து நீரை விலைக்கு வாங்கியது. தாகத்தில் தவித்த நகருக்கு அப்போது வேறு வழி குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தும், காக்க வேண்டியவரே வாங்குபவராக நின்றால் படுகைக்காகப் பேச யார் மிச்சம்? மாநிலம் முழுமைக்கும் 2003இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டமும் நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது.

மழைநீர் சேகரிப்பும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் இருக்கின்றனவே என்பார்கள். மழைநீர் சேகரிப்பு சென்னையின் மேல்மட்ட நீரை உயர்த்தியது உண்மை. மீஞ்சூரில் பாதிக்கப்பட்டதோ களிமண் அடுக்குக்குக் கீழுள்ள நீர்த்தாங்கி. வீட்டுக் கூரைநீர் அங்கே எளிதில் இறங்காது. மேற்கே ஆற்றுப்படுகையில் தடுப்பணை கட்டி ஊற வைக்க வேண்டும், அங்கே மணல் அள்ளுவதை நிறுத்தவும் வேண்டும். 2010இல் மீஞ்சூரில் வந்த ஆலை நகரின் சுமையைக் குறைத்தது, படுகையில் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை.

கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியிலும் இதே நோய்தான். அங்கே 1950களிலிருந்து இறைக்கும் அளவுக்குக் கட்டணம் உண்டு. 1970களின் நடுவிலிருந்து, சுத்திகரித்த கழிவுநீரைக் கரையோரக் கிணறுகளில் செலுத்திக் கடலுக்கு எதிரே நன்னீர்ச் சுவர் எழுப்புகிறார்கள். அங்கே கிணறுகளில் மீட்டர் உண்டு, பணமும் உண்டு. நம் சிறு உழவர்மீது அதை அப்படியே சுமத்துவது அநியாயம்.

என் தீர்ப்பு இது: 1987 சட்டம் கொள்கையில் சரி, கருவியில் தவறு. உழவரைத் தொடுவதற்கு முன் வாரியத்தின் கிணறுகள், ஆலைகள், லாரிகள் ஆகியவற்றுக்கு மீட்டர் பொருத்த வேண்டும். ஆண்டுதோறும் படுகைக்கு உச்ச வரம்பு நிர்ணயிக்க வேண்டும், அந்த வேலையை நீர் எடுக்காத ஓர் அமைப்பிடம் கொடுக்க வேண்டும். முதல் அளவீட்டை மீஞ்சூர்க் கிணறுகளிலேயே தொடங்கலாம்.