குழாயும் குரலும்

கச்சேரிகளைப் பற்றியும் கதைகளைப் பற்றியும் என் அபிப்பிராயத்தைக் கேட்பவர்கள் உண்டு. கேட்டபின் வருத்தப்படுபவர்களும் உண்டு. மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கேட்டவன் என் தம்பி மகன் ஒருவன்தான். கேட்ட இடம் கூட்டேரிப்பட்டு. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியில், மயிலம் சாலை பிரிகிற முனையில், டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன்.

"பெரியப்பா, கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றான்.

ஏழெட்டு வருஷம் ஓடிய புல்லட். கம்பெனி கொடுத்த சைலன்ஸரைக் கழற்றிவிட்டுக் குட்டையாக வேறொன்று மாட்டியிருந்தான். பட்டனை அழுத்தினான். கடை நாய் எழுந்து அப்பால் போயிற்று. உண்மையை ஒளிப்பானேன்? முதல் அரை நிமிஷம் எனக்கு நன்றாகவே இருந்தது. தவிலின் தொப்பிப் பக்கத்து அடி மாதிரி நெஞ்செலும்பில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் பிடிக்காமல் போயிற்று. ஏன் என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

புல்லட் சத்தத்தின் மீது நம்மவர்களுக்கு இருக்கும் மோகம் நியாயமானதே. 1955-ல் சென்னைக்காரர்கள் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கி, பிறகு திருவொற்றியூரில் வளர்த்த தொழில் அது. ஒற்றைச் சிலிண்டர், உள்ளே 70 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 90 மில்லிமீட்டர். கனத்த சக்கரம் ஒன்று உள்ளே சுழன்று வேகத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிஷத்துக்கு 800 சுற்று என்று வைத்தால், விநாடிக்கு ஆறேழு அடிதான். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும். நடுவில் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிதான் அழகு. வார்ப்பிரும்பு எஞ்சின் போய்ப் புது எஞ்சின் வந்தபோது, அந்த அழகு குறைந்துவிட்டது என்று பழைய ரசிகர்கள் புலம்பினார்கள். அந்த ஏக்கத்தில்தான் சைலன்ஸர் கடைகளின் வியாபாரம் நடக்கிறது.

ஆனால் இழந்தது எஞ்சினின் நிதானம். இவர்கள் வாங்குவது குழாய். எஞ்சினிலிருந்து வெளிவரும் வாயு அடியடியாகப் பாய்கிறது. கம்பெனிக் குழாய்க்குள்ளே தடுப்புகளும் அறைகளும் இருக்கின்றன. வாயு அங்கே விரிந்து, மோதித் திரும்பி, கோபம் தணிந்து வெளியேறும். கடைக் குழாயில் அநேகமாக நேரான துளைக் குழல் ஒன்று, அதைச் சுற்றிக் கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சு. சிலவற்றில் அதுவும் கிடையாது. எஞ்சினுக்கு இல்லாத நிதானத்தைக் குழாய் எங்கிருந்து கொடுக்கும்? உள்ளதைப் பெரிதாக்கத்தான் முடியும். உரக்கப் படித்தால் உருக்கம் வந்துவிடும் என்று நம்புகிற சில கவிஞர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். (சத்தத்திற்காக வாங்குகிற சாமானுக்குச் சைலன்ஸர் என்று பெயர் வைத்திருக்கிறோமே, அதற்கும் ஒரு கவிஞனை வைத்துப் பொருள் சொல்ல வேண்டும்.)

கருவியை மாற்றுவதே தவறு என்று நான் சொன்னால் நாயனக்காரர்கள் என்னைச் சிரிப்பார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, உச்ச சுருதியில் கத்தும் பழைய திமிரியை விட்டுவிட்டு, நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தைப் பரவச் செய்தவர். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த குழல். குழாய் நீண்டால் சுருதி இறங்கும். அவர் மாற்றிக்கொண்டது தம்முடைய தோடிக்கு நின்று நிதானிக்க இடம் வேண்டும் என்பதற்காக. பாட்டு அவரிடம் முதலிலேயே இருந்தது. நம் பையன்கள் குழாயை முதலில் வாங்குகிறார்கள். பாட்டு பிறகு வரும் என்று காத்திருக்கிறார்கள். அந்தக் குழாய்களுக்கும் 'இந்தோரி', 'பஞ்சாபி' என்று பெயர்கள். மயிலம் முருகன் மலையடிவாரத்தில் இந்தோர்க் குரலில் உறுமிக்கொண்டு போவதில் என்ன சொந்தக் குரல் இருக்கிறது?

அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் கம்பெனி, தன் எஞ்சின் சத்தத்தையே வியாபாரச் சின்னமாகப் பதிவு செய்ய 1994-ல் மனுப் போட்டது. மற்றக் கம்பெனிகள் எதிர்த்தன. வழக்காடிச் சலித்து, 2000-ல் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அத்தனை பெரிய கம்பெனிக்கே தன் குரல் தன்னுடையதுதான் என்று நிலைநாட்டிக்கொள்ள முடியவில்லை.

சட்டத்தைப் பற்றி அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 175 ஸி.ஸி.க்கு மேற்பட்ட வண்டி கம்பெனியிலிருந்து 80 டெசிபலுக்குள் வர வேண்டும். மீறி ஓட்டினால், 2019 திருத்தத்திற்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, இரண்டும்கூட. லைசென்ஸும் மூன்று மாதம் பறிபோகும். பிடித்த குழாய்களை வரிசையாகப் பரப்பி ரோடு ரோலர் ஏற்றுகிறார்கள், பல ஊர்களில். அதையும் செல்போனில் பார்த்து ரசித்திருக்கிறான். பயத்தினால் யாருக்கும் ரசனை வந்ததில்லை. ஆகையால் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

அன்று இரவு அவர்கள் வீட்டில் தங்கினேன். வீடு பெரிய ரோட்டுக்குச் சமீபம். அவனுக்கு இரண்டாவது ஷிப்ட், வருவதற்குப் பதினொன்றாகும். முன்பெல்லாம் செயின் கவர் ஒன்று லொடலொடவென்று ஆடும். தெருமுனையில் கியர் குறையும்போது அது ஒரு தினுசாக இருமும். அதைக் கேட்டதும் அவன் அம்மா எழுந்து தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள். கல் காய்வதும் அவன் செருப்பைக் கழற்றுவதும் சரியாக இருக்கும். செயின் கவர் இப்போதும் ஆடுகிறது. கேட்பதற்குத்தான் வழியில்லை.

பத்தேகாலுக்கு ஒரு உறுமல். எழுந்து கல்லைப் போட்டாள். வண்டி நேரே போய்விட்டது, அணைத்தாள். பத்தேமுக்காலுக்கு இன்னொன்று. பதினொன்றுக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு.

"எல்லாம் ஒரே மாதிரி கேக்குது மாமா. நம்ம வண்டி எதுன்னே தெரியல" என்றாள்.

"நீ படும்மா, வந்தால் நான் எழுப்புகிறேன்" என்றேன். வயசான காது, நானும் கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. நடுவில் ஒரு சத்தம் வந்து வாசலில் அடங்கியது. நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் யாரோ கதவைத் தட்டுவது கேட்டது.